அமாவாசையும் என்று நின்ற வரி

கல்லில் ஓர் எண்ணை வெட்டிவிட்டால் அதோடு முடிந்தது. காகிதம் என்றால் அடித்து எழுதலாம், சுவர் என்றால் சுண்ணாம்பு பூசலாம். கருங்கல்லை என்ன செய்வது? அதனால்தான் ஆம்பூர் பைபாஸில் கல்வெட்டுக் கடை வைத்திருக்கும் ஹேமலதாவாகிய நான், வருகிறவர்களோடு முதலில் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வேலையை எடுப்பேன். "நல்லா யோசிச்சி சொல்லுங்க, அப்பறம் ஐயோ அம்மான்னா நான் பொறுப்பில்ல" என்று எச்சரித்து அனுப்புவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் வீட்டுக்காரர் கோபி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். அவர் கல்லுக்கு மெருகு போடுகிறவர், எழுத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடைச் சுவரில் மூன்று காலண்டர் தொங்கும். கபரஸ்தானுக்குக் கல் கேட்பவர்கள் ஹிஜ்ரி ஆண்டு சொல்வார்கள். சர்ச் கல்லறைக்கு இங்கிலீஷ் தேதி போதும். கும்பாபிஷேகக் கல் என்றால் கலியுக ஆண்டு, சக ஆண்டு, விசுவாவசு வருடம், மாதம், திதி, நட்சத்திரம் என்று பஞ்சாங்கமே வந்து இறங்கிவிடும். செத்தவனுக்கும் சாமிக்கும் தேதி போட்டே எனக்குப் பாதி வயது போய்விட்டது. ஆனால் ஆயிரத்து நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் செத்த ஒருவனுக்குத் தேதி போடச் சொல்லி யாரும் வந்ததில்லை, ராமமூர்த்தி ஐயா வரும்வரை.

அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் தொறுவம்பட்டி என்ற சின்ன ஊரில் அவர் சொல்தான் எடுபடும். அங்கே ஒரு தோல் மண்டிக்காரர் நிலத்தின் ஓரத்தில் நடுகல் ஒன்று நிற்கிறது. கையில் வில்லோடு ஒரு வீரன், காலடியில் இரண்டு மாடு, அதற்குக் கீழே ஐந்தாறு வரி பழங்கால எழுத்து. ஊர் மாடுகளைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்கப்போய்ச் செத்தவனாம், பெயர் சாத்தன். மண்டிக்கார பாய் மனம் வைத்து அந்த இடத்தை ஊருக்கே விட்டுக்கொடுத்தார். கல்லுக்கு மேலே கொட்டகை போட்டாயிற்று. பக்கத்தில் கருங்கல் பலகை வைத்து, தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் கையால் திறப்பு விழா.

"கி.பி.யும் போடும்மா, கலியும் போடு. எடம் குடுத்தவங்க சந்தோஷப்பட ஹிஜ்ரியும் ஒரு ஓரமா போட்ரு" என்றார் ராமமூர்த்தி.

"ஐயா, இது கல்லா, பஞ்சாங்கமா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

அவரோடு வந்திருந்த பெண்தான் பதில் சொன்னாள். "கி.பி. 870ன்னு போடுங்கக்கா." அவள் அம்பரீன். ஊருக்குள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், நடுகல்லின் ஆண்டைக் கணக்குப் போட்டுச் சொல்ல ராமமூர்த்தி கூட்டி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வந்த பேச்சை ஒருவரும் திருப்பி அனுப்ப முடியாது. கல்லில் 'சகரை யாண்டு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு சென்ற தைத் திங்கள்' என்றும் நாள் அமாவாசை என்றும் இருக்கிறதாம். சக ஆண்டோடு எழுபத்தெட்டைக் கூட்டினால் கி.பி.

"'சென்ற'ன்னா இன்னா?" என்று கேட்டேன்.

"உங்க வயசு இன்னாக்கா?"

"நாப்பத்தஞ்சு முடிஞ்சி நாப்பத்தாறு நடக்குது."

"அதேதான். சிலர் முடிஞ்சதைச் சொல்லுவாங்க, சிலர் நடக்கறதைச் சொல்லுவாங்க. இந்தக் கல்லு முடிஞ்சதைச் சொல்லுது. அதைக் கவனிக்காம விட்டா ஒரு வருஷம் காலி."

சரி, கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். ஆனால் அதோடு விட்டாளா? 'கி.பி.'க்கு இரண்டு புள்ளியும் இருக்க வேண்டும், எட்டு வயிறு பெருத்து வரக்கூடாது என்று மூன்று நாள் போனில் என் உயிரை எடுத்தாள். எனக்கு வந்த எரிச்சலில் எட்டை இரண்டு முறை அளந்து வெட்டினேன். கோபி மெருகு போட்டு, நான் தங்க மை ஏற்றி வைத்தபோது கல் கண்ணாடி மாதிரி இருந்தது.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் ராமமூர்த்தியிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"ஹேமா, வருஷம் தப்பாம்மா. எண்ணூத்தி எழுபத்தொண்ணாம்."

வேலூர்க் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் சூரியபிரகாஷ் என்பவரை விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அழைப்பிதழை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: அந்தச் சக ஆண்டு 870 சித்திரையில் பிறந்தது. தை அதற்கு ஒன்பது மாதம் கழித்து வருவது. தை பிறந்தால் ஜனவரி, ஜனவரி வந்தால் 871. இதில் கணக்கு டீச்சர் எப்படிக் கோட்டை விட்டார்?

நேற்றுத்தான் பொங்கல் வைத்தோம். பொங்கல் ஜனவரியில் வருவது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியுமே! மாட்டுக்குக் கட்ட வைத்திருந்த மாலையைக் கோபி கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பாவி, என் கடையிலிருந்து இதுவரை ஒரு தப்பான கல் வெளியே போனதில்லை. இவளைச் சும்மா விடக்கூடாது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன்.

அம்பரீன் வீடு மசூதித் தெருவில். அவள் அம்மா மஹ்பூபி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும், "உள்ள வாம்மா, மொதல்ல தண்ணி குடி" என்றார். தண்ணீர் யாருக்கு வேண்டும்?

"எட்டுக்கு வயிறு பெருசா இருக்குன்னு சொல்லத் தெரிஞ்சுதே, தை எந்த மாசத்துல வருதுன்னு தெரியலையா உனக்கு?" என்று கூடத்தில் நின்றே கத்தினேன்.

அம்பரீனுக்கும் விஷயம் போயிருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தாள். ஆனால் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தக் கல்லு போச்சுன்னா என் மொட்டை மாடியும் போச்சு" என்றாள்.

அப்போதுதான் மஹ்பூபி அம்மா விஷயத்தைச் சொன்னார். அம்பரீன் பள்ளிக்கூட மாடியில் ஒரு வகுப்பு நடத்துகிறாள். மாதா மாதம் பிறை பார்க்கிற நாளில் பெண்களை மேலே கூட்டிப்போய், பிறை எங்கே நிற்கிறது, எந்த நட்சத்திரம் எப்போது ஏறுகிறது என்று கணக்குப் போட வைப்பாள். பெண் பிள்ளைகளை இருட்டுகிற நேரத்தில் மாடி ஏற்றுவதா என்று நாலு பேர் பேசியிருக்கிறார்கள். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் நசீர் அகமது நல்ல மனிதர், ஆனால் அந்த நாலு பேருக்குப் பயந்தவர். "கலெக்டர் முன்னால உன் கணக்கு கல்லுல ஏறட்டும். அப்பறம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். அதுல எதனா ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது பேட்டி, மாடியை மூடிடுவேன்" என்று சொல்லியிருந்தாராம். மகளே என்பதை அவர் உருதுவில் பேட்டி என்பார்.

என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை விட எனக்கு மனசில்லை. "அப்ப தப்பா சொல்லலாமா?" என்றேன்.

"தப்பு இல்லக்கா. பொங்கல் எப்பவும் ஜனவரியிலதான் வரணும்னு யார் சொன்னது?"

"இது இன்னா பேச்சு?"

"இந்த வருஷம் பொங்கல் எத்தினியாம் தேதி?"

"பதினஞ்சு."

"நீங்க சின்னப் பொண்ணா இருக்கும்போது?"

"பதினாலு" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ இடறியது.

தமிழ் வருடம் நட்சத்திரத்தை வைத்து ஓடுகிறது, இங்கிலீஷ் வருடம் வெயிலையும் குளிரையும் வைத்து ஓடுகிறது என்று சொன்னாள் அம்பரீன். இரண்டுக்கும் ஒரு துளிதான் வித்தியாசம். அறுபது எழுபது வருடம் போனால் அந்தத் துளி ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். ஆயிரத்து நூற்றைம்பது வருடம் பின்னால் போனால் பொங்கல் ஜனவரியை விட்டே இறங்கிவிடும். போதாததற்கு, அன்றைய இங்கிலீஷ் காலண்டர் இன்றைக்கு இருப்பதைவிட நாலு நாள் பின்தங்கி ஓடியதாம்.

"சாத்தன் செத்த வருஷம் தை பொறந்தது டிசம்பர் இருபத்திரண்டு வாக்குல. அமாவாசை டிசம்பர் இருபத்தாறு. அதனால எண்ணூத்தி எழுபதுதான்."

"அமாவாசைய எப்பிடி புட்ச?"

அவள் சிரித்தாள். "அது எங்க வீட்டுக் கணக்குக்கா. நாங்க மாசத்தைப் பிறையில தொடங்கறோம். அப்ப மாசம் முடியற எடம் உங்க அமாவாசைதானே? அந்த வருஷம் ஹிஜ்ரி இருநூத்தி அம்பத்தேழு, முஹர்ரம் மாசம். முஹர்ரம் எங்க முடியுதுன்னு பார்த்தேன், உங்க தை அமாவாசை அங்க உக்காந்திருந்தது."

அடேயப்பா! நான் முஹர்ரம் என்றும் தை என்றும் எத்தனை கல்லில் வெட்டியிருப்பேன். ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போகலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவள் அன்று சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அதே நாள் பாக்தாத்தில் இருநூற்று ஐம்பத்தேழு. ரோமாபுரியில் எண்ணூற்று எழுபது. மலையாள தேசத்தில் கொல்லம் ஆண்டு வெறும் நாற்பத்தாறு, அந்தக் காலண்டரே அப்போதுதான் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. கோயில்காரர்களைக் கேட்டால் கலியில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று முடிந்தது என்பார்கள். தொறுவம்பட்டியில் சகரை யாண்டு எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அத்தனையும் ஒரே நாள். அந்த நாளில் ஒருவன் மாட்டுக்காக அம்பு பட்டு விழுந்திருக்கிறான்.

"இத்தினி கணக்கு தலைக்குள்ள வச்சினு எப்பிடித்தான் சோறு துன்ற?" என்றேன். மஹ்பூபி அம்மா, "அதான் துன்றதே இல்லையே" என்று அலுத்துக்கொண்டார்.

ஆனால் ராமமூர்த்தியிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் டிசம்பரில் வந்தது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அம்பரீனுக்கும் அது தெரிந்திருந்தது. "கம்ப்யூட்டர்ல காட்டலாம்க்கா. ஆனா ஜனங்க கம்ப்யூட்டரை நம்ப மாட்டாங்க, பொங்கலைத்தான் நம்புவாங்க" என்றாள். வெளியே வரும்போது நான் அவள் கையைப் பிடித்து, "நாளைக்கி நான் உன் பக்கந்தான்" என்றேன். சண்டை போடப் போனவள் கட்சி மாறித் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை நடுகல் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். ராமமூர்த்தி, ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சூரியபிரகாஷ், பள்ளிப் பெண்கள் மறுநாள் எங்கே உட்காருவார்கள் என்று பார்க்க வந்த நசீர் அகமது. சூரியபிரகாஷ் பெரிய தொந்தியும் சின்னச் சிரிப்புமாக இருந்தார். நான் அவரை ஒரு வில்லனாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வந்த உடனே செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டார், எனக்கு அதுவே பிடித்துப் போயிற்று.

அம்பரீன் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ஊர்க்காரர்களில் ஒருவர், "டிசம்பர்ல பொங்கலா? அப்ப கிறிஸ்மஸுக்குக் கரும்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நசீர் அகமது சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், எனக்கு அது சிரிப்பைவிடப் பயமாக இருந்தது.

சூரியபிரகாஷும் சிரிக்கவில்லை. "டீச்சர் சொல்றது நடக்கக்கூடியதுதான். எனக்கு அந்த யோசனையே வரல. ஆனா கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லு இன்னா சொல்லுதுன்னு பாக்கலாமே" என்று குனிந்து, கடைசி வரியை விரலால் தடவிப் படித்தார். "தைத் திங்கள் அமாவாசையும்..."

அங்கேயே நின்றார். "அமாவாசையும்" என்று மறுபடி படித்தார்.

"இன்னா சார்?" என்றேன்.

"'யும்'னு முடியுதும்மா. நானும் வந்தேன்னா இன்னொருத்தனும் வந்திருக்கான்னு அர்த்தம். அமாவாசையும்னா கூட இன்னொண்ணு இருக்கணும். பழைய கல்லுங்கள்ல 'இன்ன திதியும் இன்ன கிழமையும் பெற்ற நாள்'னு எழுதுவாங்க. இதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு. எங்க போச்சு?"

எல்லோரும் கீழே பார்த்தோம். கல்லின் அடிப்பக்கம் சிமென்ட் மேடைக்குள் புதைந்திருந்தது. ராமமூர்த்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இரண்டு வருடத்துக்கு முன்னால் மேடை கட்டி, கல் சாயாமல் இருக்கட்டும் என்று அடியைச் சுற்றிச் சிமென்ட் ஊற்றியவர் அவர்தான். "நல்லதுதான் பண்றேன்னு நெனச்சேன் சார்" என்றார். "எழுத்தை முழுங்கி வச்சிக்கினு நல்லதாம்!" என்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

அம்பரீன் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. நாளைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏழு ஏழாகப் பின்னால் எண்ணிக்கொண்டு போகிறாள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"கிழமைதான் இருக்குன்னா நான் இப்பவே சொல்றேன்" என்று கண்ணைத் திறந்தாள். "என் கணக்கு சரின்னா கீழ செவ்வாய்க்கிழமைன்னு இருக்கும். சார் சொல்ற மாதிரி ஜனவரி அமாவாசைன்னா புதன் இருக்கும், இல்ல வியாழன் இருக்கும். செவ்வாய் வரவே வராது."

"கிழமை மட்டும் அப்பிடியேவா இருக்கும்? ஆயிரம் வருஷத்துல மாறியிருக்காதா?" என்று கேட்டார் ராமமூர்த்தி.

"அதை மட்டும்தான் ஒருத்தரும் தொடலை" என்றாள். ராஜாக்கள் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து ஆண்டை எண்ணினார்கள். ரோமாபுரியில் நடுவில் பத்து நாளையே தூக்கிக் கடாசினார்கள். அம்பரீன் வீட்டில் மாதம் பிறையில் தொடங்குகிறது, எங்கள் வீட்டில் சூரியனில் தொடங்குகிறது. ஆனால் ஏழு நாள் வரிசையை எவரும் அறுக்கவில்லை. தொறுவம்பட்டியில் செவ்வாய் என்றால் பாக்தாத்திலும் அன்றைக்குச் செவ்வாய்தான்.

திங்களுக்கு அப்புறம் செவ்வாய் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சங்கிலி அறுபடாமல் சாத்தன் காலத்திலிருந்து என் கடைக் காலண்டர் வரைக்கும் வந்திருக்கிறது என்றால் மனித ஜாதியை என்னவென்று சொல்வது? எவ்வளவு சண்டை, எவ்வளவு கொள்ளை, ஊர் அழிந்து ஊர் முளைத்து, நடுவில் ஒரு நாளைக்கூட யாரும் தவறவிடவில்லை. மனிதர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை அதற்கு முன் வந்ததில்லை.

நசீர் அகமது தொண்டையைச் செருமினார். "வேற கிழமை வந்தா?"

"மாடி வகுப்பை நானே நிறுத்திடறேன் சார்" என்றாள் அம்பரீன். பட்டென்று சொன்னாள். அடிப் பெண்ணே, யோசித்துச் சொல்லக்கூடாதா என்று நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன்.

சிமென்டை எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எழுத்துக்கு அடிபடாமல் எடுக்க அங்கே வேறு ஆள் இல்லை. கோபிக்குப் போன் போட்டு, சன்ன உளியும் பிரஷ்ஷும் கொண்டுவரச் சொன்னேன். மேடையைத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தோம். காத்திருந்த நேரத்தில் அம்பரீன் காதில், "நிச்சயந்தானே?" என்று கேட்டேன்.

"தொண்ணூறு பங்கு செவ்வாய்க்கா."

"மீதிப் பத்து?"

"அமாவாசை முந்தின நாள் ராத்திரியே பொறந்திருந்தா, எழுதினவங்க திங்கள்னு எழுதியிருக்கலாம்."

"இதை இப்ப சொல்ற நீ!" என்று பல்லைக் கடித்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. துணிச்சல்காரி என்று நினைத்தவள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன். உளியை வைத்து, தட்டுவதா வருடுவதா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகத் தட்டினேன். சிமென்ட் ஒரு சில்லு பெயர்ந்தது. பிரஷ்ஷால் துடைத்தேன். கோடு ஒன்று தெரிந்தது. இன்னொரு சில்லு. கோடு வளைந்து சுழித்தது.

சூரியபிரகாஷ் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொம்பு!" என்று கத்தினார். "ஒற்றைக் கொம்பும்மா! திங்கள் இல்ல, புதன் இல்ல, வியாழன் இல்ல!"

ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். அம்பரீன் சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கும் கொம்பு உண்டு சார்" என்றாள்.

ஆமாம், செவ்வாய்க்கும் கொம்பு, வெள்ளிக்கும் கொம்பு. வெள்ளி என்று வந்தால் அவள் கணக்கும் போச்சு, அவர் கணக்கும் போச்சு, என் கல்லும் போச்சு. நசீர் அகமது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபி என் பக்கத்தில் குந்தி, "பாத்து, பாத்து" என்றார். "வாயை மூடு" என்றேன்.

அடுத்த எழுத்தின் மேல் சிமென்ட் கெட்டியாகப் பிடித்திருந்தது. அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீர் விட்டு, ஊற விட்டு, உளி முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். என் காலத்தில் எத்தனையோ எழுத்து வெட்டியிருக்கிறேன். இருக்கிற எழுத்தைத் தேடி எடுத்தது அதுதான் முதல் முறை. எவனோ ஒரு கல்தச்சன் எனக்கு முன்னால் இதே கல்லில் இதே மாதிரி மண்டியிட்டுக் குந்தியிருப்பான் என்று தோன்றியது. கோடு அவ்வளவு நேராக இருந்தது, சபாஷ்டா என்று அவனுக்கும் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்.

கடைசிச் சில்லு தானாகவே விழுந்தது.

சூரியபிரகாஷ் முட்டி போட்டு, கண்ணாடியைக் கழற்றி, மூக்கு கல்லில் படுகிற மாதிரி குனிந்தார். விரலை எழுத்தின் மேல் வைத்தார். "ச" என்றார். பிறகு, "செ. செவ்வாய். செவ்வாய்க்கிழமையும்" என்று படித்தார். எழுந்து அம்பரீனைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "எண்ணூத்தி எழுபது, டிசம்பர் இருபத்தாறு! நான் தை பொறந்தா ஜனவரின்னு சின்னப்புள்ள மாதிரி சொல்லிட்டேன் டீச்சர். நாளைக்கி மேடையில நான் பேசல, நீங்கதான் பேசணும்."

ராமமூர்த்தி சத்தமாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கிறிஸ்மஸுக்கு மறுநாளு எங்க சாத்தன் போய்ட்டான்யா" என்று ஊர்க்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கரும்பு என்று கிண்டல் செய்தவர் போய் அந்த எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்பரீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் கல் தூசியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் துப்பட்டா முழுக்க என் கை அச்சு. "எப்பிடிடி சொன்ன, பாக்காமயே எப்பிடிடி சொன்ன" என்று அவளை உலுக்கினேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், எனக்கு என்ன வெட்கம்?

நசீர் அகமது கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். ஊரில் பேசுகிற நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக எங்கள் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்றேன். ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் கையில் உளி இருக்கிறது என்கிற மாதிரிதான் நின்றேன்.

"அடுத்த பிறை என்னிக்கு?" என்று அம்பரீனைக் கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை சார்" என்றாள்.

அவர் கல்லை ஒரு முறை பார்த்தார். இத்தனை நாளாக அவளைப் பேட்டி என்று கூப்பிட்டவர், "டீச்சர்" என்று தொடங்கினார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நானும் என் சம்சாரமும் வந்தா, மாடியில எடம் இருக்குமா?"